முனியின் காலடிப் பிடி

கருமாதிச் சோறு இலையில் விழுவதற்கு முன்பே காந்தன் திலீப்பின் முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டான்.

புக்கிட் காத்திலில் இருக்கும் அந்த வரிசை வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, மேசை நாற்காலி அடுக்கி, தம்பி தினேஸ்வரனின் படத்துக்கு மாலை சாத்தி, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. திலீப் மோட்டாரை வெளியே நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டையும் குனிந்த தலையுமாக உள்ளே வந்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். காந்தன் முதலில் கையால் குத்தினான். உதடு கிழிந்தது. பிறகு இரும்பு நாற்காலி ஒன்றை மடக்கி, இரண்டு கையாலும் ஓங்கி முகத்திலேயே அடித்தான். பல் உடைந்த சத்தம் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்த? என் தம்பிய பாறையில ஏத்திக் கொன்னுட்டு சோறு திங்க வந்தியா?”

திலீப் கையைத் தூக்கவே இல்லை. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அப்படியே நின்றான். திருப்பி அடிக்காதவனை அடிப்பதில் ஒரு திருப்தியும் கிடையாது. அடிக்க அடிக்க ஆத்திரம்தான் ஏறும். நாலு பேர் சேர்ந்து காந்தனைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்து வீட்டு மணியம் திலீப்பைத் தூக்கித் தன் காடியில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். காந்தனின் அம்மா முனியம்மா மட்டும் மகனின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, யார் அடித்தார்கள், யார் விழுந்தார்கள் என்று பார்க்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

“முழுப் போத்தல் எண்ணெ ஊத்தச் சொல்லி அனுப்புனேனே முனியா. குடிச்சிட்டு சும்மா இருந்துட்டியே.”

அந்த எண்ணெய்க் கதையைச் சொல்லத்தான் வேண்டும். பெம்பானுக்கு அப்பால், செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. வெடி வைத்து மலையைப் பாதியாகப் பிளந்து, வேண்டிய கல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நிற்பது நூற்றைம்பது அடிச் செங்குத்துப் பாறை. அதன் உச்சியில், விளிம்பை ஒட்டி, தோட்டத்து ஜனங்கள் நட்ட முனியாண்டி கல் ஒன்று இடுப்பளவுக்கு நிற்கிறது. பின்பக்கம் சரிவில் லாரி போன மண்பாதை உண்டு. சாமி கும்பிடுகிறவர்கள் அதன் வழியாக நடந்து போவார்கள். பைத்தியக்காரர்கள் முன்பக்கம் பாறையைப் பிடித்து ஏறுவார்கள்.

கயிறு கிடையாது. கயிறு கட்டி ஏறினால் அது வேலை, கட்டாமல் ஏறினால்தான் ஏற்றம் என்பது அவர்கள் கட்சி. காலில் பால்மரம் சீவப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. இடுப்பில் ஒரு சுருக்குப்பை, அது நிறையத் திருநீறு. வியர்க்கிற கையைத் திருநீற்றில் தோய்த்துக்கொண்டால் பாறை வழுக்காது. சாமிக்குச் சாமியும் ஆச்சு, பிடிப்புக்குப் பிடிப்பும் ஆச்சு.

காந்தனும் ஒரு காலத்தில் இந்தப் பைத்தியக்காரர்களில் ஒருவன்தான். பாச்சாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். அங்கே சூப்பர்வைசர் அவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, ‘ஹோய்’ என்பான். பாறை அப்படி இல்லை. சரியாகப் பிடித்தால் தாங்கும், தப்பாகப் பிடித்தால் கொல்லும். நீ யார், என்ன படித்தாய் என்று கேட்காது. பத்தடி ஏறியதும் விரல் நுனியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் மிஞ்சாது. அந்த நிம்மதிக்காக ஒருவன் உயிரைப் பணயம் வைப்பானா என்று கேட்டால், வைப்பான். காந்தன் வைத்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் பாதிப் பாறையில் இடது தோள் கழன்று, ஒற்றைக் கையால் தொங்கிப் பிழைத்து வந்த அன்றோடு விட்டான். அவன் விட்ட இடத்தைத் தினேஷ் பிடித்துக்கொண்டான்.

காந்தன் ஏறியதெல்லாம் இடப்பக்கத்துப் பழைய வழி. தினேஷும் அவன் கூட்டாளி திலீப்பும் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நேராக ஏறி முனியின் காலடியில் போய் முடியும் வழி. “இந்த ஞாயித்துக்கெழம முடிச்சிருவோம்மா” என்று தினேஷ் சொன்னதும் முனியம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். இருபத்து நாலு வயது ஆளைக் கட்டிப்போடவா முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் காந்தனைக் கூப்பிட்டு ஒரு போத்தல் நல்லெண்ணெயைக் கையில் கொடுத்தாள். “முனிக்கு ஊத்திட்டு வா. மிச்சம் வைக்காத.” காந்தன் பின்வழியாக ஏறிப் போய், கண்ணை மூடிக்கொண்டு, என் தம்பியைப் பார்த்துக்கொள் என்று வேண்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் கல்லின் தலையில் ஊற்றினான்.

மறுநாள் காலையில் தினேஷ் விழுந்தான். உச்சிக்கு ஒரு கை தூரம்தான் இருந்தது.

பிணவறையில் காந்தன் பார்த்த உடம்புக்குத் தம்பியின் முகம் இல்லை. முதுகெலும்பு மூன்றாக முறிந்து, வலது கால் முட்டிக்கு மேல் திரும்பிக் கிடந்தது. வலது உள்ளங்கை மட்டும் முழுசாக இருந்தது. அதில் திருநீறு களிம்பாகக் குழைந்து ஒட்டியிருந்தது. “முனியே கையில பூசிவிட்டு அழைச்சிக்கிட்டான்” என்று யாரோ சொன்னார்கள். முனியம்மா அந்தக் களிம்பை விரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். காந்தன் ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் தம்பிக்குச் சறுக்காது. தன்னைவிட நல்ல விரல் அவனுக்கு. கூட இருந்தவன் ஏதோ செய்திருக்கிறான். அவசரப்படுத்தியிருக்கிறான், இல்லாவிட்டால் காலைத் தட்டியிருக்கிறான். இல்லையென்றால் ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்? போலீஸ் கேட்டதற்கும் ‘விழுந்துட்டான்’ என்ற ஒரே வார்த்தைதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. காந்தன் அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

நாற்காலியால் அடித்ததெல்லாம் போதாது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பாறையில் ஒருவன் விழுந்தால் யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். கால் தவறினான் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது தம்பி விஷயத்தில் அவனே கண்ட பாடம்.

கருமாதி முடிந்த அந்த வாரமே, சனிக்கிழமை, திலீப்புக்கு போன் போட்டான்.

“நாளைக்கு என்னோட ஏறு. தம்பி விழுந்த எடத்த நான் பாக்கணும்.”

மறுபக்கம் முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்றோடு பதில் வந்தது. “வரேண்ணே. ஆனா நீங்க ஏற வேணாம்லா. அந்த வழி உங்களுக்குப் பழக்கமில்ல.”

“வரியா இல்லையா?”

“வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காந்தன் ஆணியில் தொங்கிய திருநீற்றுப் பையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பசியாறாமல் கிளம்பினான். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து வெறும் ஆணியைப் பார்ப்பாள் என்று அவன் நினைக்கவில்லை.

குவாரியில் திலீப் முன்னாலேயே வந்து காத்திருந்தான். உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. பாறைக்கு அடியில் தினேஷ் விழுந்த இடத்தில் யாரோ செவ்வந்திப்பூ வைத்திருந்தார்கள். கல்லில் கறை மழைக்கும் போகவில்லை. அதைப் பார்த்ததும் காந்தனுக்கு அங்கேயே அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டான்.

“நான் முன்னால ஏறுறேன். நீ ஒட்டி வா.”

“அண்ணே, மேல திட்டுக்குப் போனதும் நில்லுங்க. கடைசிப் பிடிய நான் பாத்துச் சொல்றேன்.”

“உன் கூட்டாளிக்குச் சொன்ன மாதிரியா?”

திலீப் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான்.

கையைப் பாறையில் வைத்ததும் காந்தனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏழு வருஷம் கழித்தும் விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. இருபதடி, நாற்பதடி. கல்லின் குளிர்ச்சி, வெடிப்பின் ஓரம், கட்டை விரல் மட்டும் நிற்கிற மொட்டு. எண்பதடியில் திரும்பிப் பார்த்தபோது செம்பனை உச்சிகள் காலுக்குக் கீழே பச்சைப் பாயாகக் கிடந்தன. வெட்கக்கேடு, சந்தோஷமாக இருந்தது. தம்பியின் ரத்தத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு, கொலை செய்யப் போகிற வழியில், அவன் சந்தோஷமாக இருந்தான். இதை விட்டுவிட்டு ஏழு வருஷம் எப்படி இருந்தோம் என்றுகூட நினைத்தான். உடனே அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது. தினேஷுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்.

நூற்று நாற்பதடியில் அந்தத் திட்டு வந்தது. அரையடி அகலம், ஒரு ஆள் நீளம். இரண்டு பக்கமும் மொழுமொழுவென்ற பாறை. தலைக்கு மேல், கைக்குச் சற்றே எட்டாத உயரத்தில் விளிம்பு. அதற்குச் சற்றுக் கீழே ஒரு கை நுழையும் பள்ளம். அதுதான் முனியின் காலடிப் பிடி. அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் உச்சி. வேறு வழி கிடையாது.

காந்தன் திட்டில் ஏறி நின்று பாறையோடு ஒட்டிக்கொண்டான். கீழே மூச்சு வாங்குகிற சத்தம் நெருங்கியது. திலீப்பின் வலது கை வந்து திட்டின் ஓரத்தைப் பிடித்தது. பிறகு இடது கை. பிறகு அவன் முகம், நிமிர்ந்து பார்த்தபடி.

காந்தன் வலது காலைத் தூக்கி அந்த வலது கையின் மேல் மிதித்தான்.

ரப்பர் சப்பாத்தின் அடியில் உள்ள முள்கள் விரலில் இறங்கின. திலீப் கத்தவில்லை, பல்லில்லாத வாயைத் திறந்து மூடினான். காந்தன் குதிகாலைத் திருகினான். எலும்பு நொறுங்குவது காலுக்குத் தெரிந்தது. நண்டை மிதித்தது போல இருந்தது.

“சொல்லு. என்னா செஞ்ச அவன?”

“ஒன்னும் செய்யலண்ணே.”

“பொய் சொல்லாத.”

“அன்னைக்கு நான்தான் முன்னால ஏறியிருக்கணும். என் முறை. அவன் கேட்டான்னு விட்டுக்குடுத்தேன். அது மட்டுந்தான்.” திலீப்பின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “மிதிக்கிறதுன்னா மிதிங்க. ஆனா மேல கை வைக்காதீங்க. தொடச்சிட்டு வைங்க.”

காந்தன் கேட்கிற நிலையில் இல்லை. முழுப் பாரத்தையும் காலில் இறக்க அவனுக்கு மேலே ஒரு பிடி வேண்டியிருந்தது. வலது கையைத் திருநீற்றில் தோய்த்து, தலைக்கு மேலே அந்தப் பள்ளத்தில் விட்டான்.

விரல்கள் பிடித்தன, பிடித்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. உடம்பு பின்பக்கம் சாய்ந்தது. ஒரு நொடி அவனுக்கு வானம் மட்டும் தெரிந்தது. அப்போது திலீப் இடது கையைத் திட்டிலிருந்து எடுத்து, காந்தனின் கெண்டைக்காலைப் பிடித்துப் பாறையோடு அழுத்தினான். காந்தன் இடது கைநகத்தை ஒரு கீற்றில் நுழைத்து நின்றுவிட்டான். நகம் பெயர்ந்து வந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணாந்து பார்த்தான். விளிம்பிலிருந்து ஒரு கோடாக, மஞ்சள் நிறத்தில், எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி நேராக அந்தப் பள்ளத்தில் நிரம்பியது. நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுப் பின்வழியாக ஏறி வந்த அம்மாவின் குரல் மேலேயிருந்து கேட்டது.

“முனியா, ஒன்னத் தின்னுட்ட. மிச்சம் இருக்கிறது இது ஒன்னுதான். முழுப் போத்தலும் ஊத்துறேன். அவனையாவது பத்திரமா மேல ஏத்திவிடு சாமி.”

காந்தனுக்கு எல்லாம் புரிந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவனும் இப்படித்தான் கல்லின் தலையில் ஊற்றினான். எண்ணெய் கீழே எங்கே போய்ச் சேருகிறது என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் சாமி கும்பிடுகிறவர்களுக்குக் கிடையாது. இத்தனை வருஷம் ஏறியவன், அவனும் பார்க்கவில்லை. தம்பியைக் கொன்ற கை தன்னுடையது. எண்ணெயை வாங்கிக் கொடுத்த கை மேலே நிற்கிறது.

“ஒனக்குத் தெரியுமா?” என்று கீழே பார்த்துக் கேட்டான்.

“அன்னைக்குச் சட்டைய கழட்டித் தொடச்சித் தொடச்சித்தான் மேல ஏறினேன். சாவு வீட்ல அம்மா அழறப்பதான் யாரு ஊத்துனதுன்னு தெரிஞ்சிச்சி.” திலீப் மூச்சை இழுத்தான். “சொன்னா, அம்மா உசிரோட இருப்பாங்களாண்ணே?”

காந்தன் பதறிக் காலை எடுக்கப் போனான்.

“எடுக்காதீங்க” என்றான் திலீப். “வலது கையில வெரல் ஒன்னும் பிடிக்கல. நீங்க மிதிச்சிக்கிட்டு இருக்கிறதுனாலதான் நிக்கிறேன். எடுத்தா போயிருவேன்.”

கொல்வதற்கு வைத்த காலை இப்போது காப்பாற்றுவதற்காக அழுத்த வேண்டியிருந்தது. அழுத்த அழுத்த நொறுங்கிய எலும்பு இன்னும் நொறுங்கியது. திலீப் முனகினான். சப்பாத்து ஓரம் வழியாக ரத்தம் திட்டில் பரவி, அதுவும் வழுக்க ஆரம்பித்தது. இறங்க முடியாது, உடைந்த கையோடு நூற்று நாற்பதடி யாரும் இறங்கமாட்டார்கள். ஏறவும் முடியாது, மேலே எண்ணெய் ஊறுகிறது. கூப்பிட்டால் அம்மா எட்டிப் பார்ப்பாள். பார்த்தால் அவளுக்கும் புரிந்துவிடும். கூப்பிடாமல் இருந்தால், காலை மட்டும் எடுத்தால் போதும், எதுவும் யாருக்கும் தெரியாமல் முடிந்துபோகும். அந்த யோசனை அவனுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

“அம்மா” என்று கத்தினான். “ஊத்தாதீங்க.”

மேலே சத்தம் நின்றது. “காந்தா? எங்கடா இருக்க?”

“கீழ, காலடியிலதான். சேலைய அவுத்துக் கல்லுல கட்டி கீழ வுடுங்க. சீக்கிரம்மா.”

முனியம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தோட்டத்தில் இருபது வருஷம் வெட்டுக்காட்டு வேலையில் கட்டுக் கட்டிக் கிடந்தவள். முடிச்சுப் போட அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவாடையும் ரவிக்கையுமாக நின்று, சேலையை முனியின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, முறுக்கி, விளிம்பில் விட்டாள். எண்ணெய் குடித்துக்கொண்டு சும்மா நின்ற சாமி அன்றைக்குத்தான் வேலை செய்தார்.

காந்தன் காலை எடுக்காமலே, பல்லாலும் ஒரு கையாலும் சேலையைத் திலீப்பின் அக்குளுக்கடியில் கட்டினான். பிறகுதான் மிதியை விட்டான். திலீப் ஒரு முழம் கீழே போய், சேலை இறுகி, பாறையில் முகம் மோதித் தொங்கினான். காந்தன் அவனை மயிரைப் பிடித்தும் சட்டையைப் பிடித்தும் திட்டுக்கு இழுத்து, தோளில் ஏற்றி மேலே தள்ளினான். ஏழு வருஷத்துக்கு முன் கழன்ற தோள் மறுபடியும் கழன்றது. அவன் ஊளையிட்டுக்கொண்டே தள்ளினான். மேலே முனியம்மா திலீப்பின் கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் காந்தன் ஒற்றைக் கையால் சேலையில் தொங்கி, முட்டி தோல் உரிய, விளிம்பைத் தாண்டி விழுந்தான்.

மூன்று பேரும் கல்லுக்கு முன்னால் கிடந்தார்கள். திலீப்பின் வலது கையில் விரல்கள் நான்கும் நான்கு திசையில் இருந்தன. காலி எண்ணெய்ப் போத்தல், முனியம்மா கல்லுக்கு வைத்த செம்பருத்திப் பூவுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

“என்னடா ஆச்சி? கைய காட்டு” என்று முனியம்மா மகனின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள்.

உள்ளங்கையில் திருநீறும் எண்ணெயும் குழைந்து களிம்பாக ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போத்தலைப் பார்த்தாள். கல்லின் அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் பளபளத்த ஈரத்தைப் பார்த்தாள். தவழ்ந்து போய் விளிம்பில் எட்டிக் கீழே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அன்னைக்கும் முழுசா ஊத்துனியா?”

காந்தன் தலையாட்டினான்.

“நான்தானே மிச்சம் வைக்காதன்னேன்.” குரலில் அழுகை இல்லை. திலீப்பின் பக்கம் திரும்பினாள். “ஒனக்கு இது தெரியுமாய்யா? தெரிஞ்சிக்கிட்டேவா அடி வாங்குன?”

“எனக்கு ஒன்னும் தெரியாதும்மா” என்றான் திலீப். உடைந்த பல் வழியாகக் காற்று போனதில் அந்தப் பொய் சரியாகக்கூட வெளியே வரவில்லை.

முனியம்மாவின் கை தன்னாலே நெற்றிக்குப் போனது. பிணவறையில் வழித்து இட்டுக்கொண்ட இடம். முதலில் விரலால் தேய்த்தாள். பிறகு கீழே கிடந்த கருங்கல் சில்லை எடுத்து, அந்த இடத்தில் வைத்துச் சுரண்டினாள். தோல் கிழிந்து மூக்கு வழியாக ரத்தம் இறங்கியது. மூன்று வாரத்துக்கு முன்பே குளித்துக் கழுவிப் போன களிம்பு அது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

“விடுங்கடா. இது போகணும்.”

காந்தன் உருண்டு வந்து ஒரு கையைப் பிடித்தான். அவன் பலத்துக்கு அவள் அடங்கவில்லை. மறு கையைத் திலீப் தனக்கு மிச்சமிருந்த நல்ல கையால் பிடித்துக்கொண்டான்.